மைக்ரேட் “செய்ய ஒன்றுமில்லை” என்கிறது, பக்கத்தைத் திறந்தால் “நெடுவரிசை இல்லை” என்கிறது

நெல்லிக்கனி · திங்கள், காலை 10:12

வணக்கம். ஜாங்கோ 4.2 (பைத்தான் வலைக் கட்டமைப்பு), போஸ்ட்கிரெஸ் 15 (டேட்டாபேஸ்). ஒரு துணிக்கடைக்காக எழுதிய பில்லிங் மென்பொருள் என் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முன்பு எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கடைக்காரர் இரண்டாவது கிளை திறக்கிறார். அதற்காக பில் மாடலில் (டேபிளின் அமைப்பைச் சொல்லும் நிரல்) ‘கிளை’ என்று ஒரு ஃபாரின் கீ, அதாவது புதிய கிளை டேபிளைச் சுட்டும் நெடுவரிசை, சேர்த்தேன். என் லேப்டாப்பில் எல்லாம் சரியாக ஓடியது. ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வர்) மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டினேன், மாடல் மாற்றத்தை எழுதி வைக்கும் மைக்ரேஷன் கோப்பு உருவானது. அதை டேட்டாபேஸில் செயல்படுத்த மைக்ரேட் கொடுத்தால் செய்ய ஒன்றுமில்லை என்று முடிந்துவிடுகிறது. பில் பக்கத்தைத் திறந்தால் ப்ரோகிராமிங் எரர்: பில் டேபிளில் கிளை நெடுவரிசையே இல்லையாம்.

ஸ்டேஜிங் டேட்டாபேஸ், போன வாரம் கடையின் நிஜ சர்வரான ப்ரொடக்‌ஷன் பேக்கப்பிலிருந்து ஏற்றியது. நேற்று மாலையிலிருந்து இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

ஒரேபோடு · காலை 10:20

இது ரொம்பச் சாதாரணம். ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் டேபிளில் பில்லிங் ஆப்புக்கு உள்ள பதிவுகளை டெலீட் செய்யுங்கள். மைக்ரேஷன் ஃபோல்டரையும் காலி செய்துவிட்டு மறுபடி மேக்மைக்ரேஷன்ஸ், மைக்ரேட். நான் எப்போதும் இப்படித்தான்.

பழையகணக்கு · காலை 10:41

நெல்லிக்கனி, அதைச் செய்வதற்கு முன் மூன்று கேள்விகள்.

மைக்ரேஷன் ஃபோல்டர் கிட்டில் (நிரலின் வரலாற்றைக் காக்கும் கருவி) இருக்கிறதா, கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாமல் விடும் பட்டியல்) இருக்கிறதா? லேப்டாப்பில் ஓடியது காலி டேட்டாபேஸா? ஸ்டேஜிங்கின் ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் டேபிளில் பில்லிங்குக்கு எத்தனை பதிவு, ஃபோல்டரில் எத்தனை கோப்பு?

நெல்லிக்கனி · காலை 11:05

1. கிட்இக்னோரில் இருக்கிறது! நான் கவனிக்கவே இல்லை. மேக்மைக்ரேஷன்ஸ் முதலில் மாற்றம் எதுவும் இல்லை என்றது. ஆப் பெயரையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கோப்பு உருவானது. இப்போதுதான் காரணம் புரிகிறது, ஃபோல்டரே இல்லாமல் இருந்திருக்கிறது.
2. ஆமாம், காலி டேட்டாபேஸ்.
3. டேபிளில் 14 பதிவுகள் இருந்தன, 0001_இனிஷியலில் தொடங்கி 0014 வரை. ஃபோல்டரில் ஒரே கோப்பு, 0001_இனிஷியல்.

அண்ணா, இந்தப் பதிலைப் பார்ப்பதற்குள் ஒரேபோடு சொன்னதைச் செய்துவிட்டேன். மன்னிக்கவும். ஸ்டேஜிங்கில் மட்டும்தான். இப்போது வேறு பிழை: ‘இன்கன்சிஸ்டென்ட் மைக்ரேஷன் ஹிஸ்டரி’. ரிப்போர்ட்ஸ் ஆப்பின் (அதே மென்பொருளின் இன்னொரு பகுதி) 0001, அது சார்ந்திருக்கும் பில்லிங் 0001க்கு முன்பே ஓடிவிட்டதாம். ஃபேக் (ஓட்டாமலே ஓடியதாகப் பதியும் ஆப்ஷன்) கொடுத்துப் பார்த்தேன், அதற்கும் இதே பிழைதான்.

பழையகணக்கு · காலை 11:38

ஸ்டேஜிங்தானே, உயிர் போகவில்லை. பேக்கப்பிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ப்ரொடக்‌ஷனில் கை வைக்காமல் இருங்கள், அது போதும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் டேபிள் அந்தப் பதிவேடு. ஆப் பெயர், மைக்ரேஷன் பெயர், ஓடிய நேரம், இவ்வளவுதான் அதில் இருக்கும். உண்மையான டேபிள்கள்தான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். மைக்ரேட் கட்டளை வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைக்கூட ஒப்பிடாது, பெயர் பொருந்தினால் போதும்.

ஸ்டேஜிங் புது மெஷின். அங்கே உங்கள் மேக்மைக்ரேஷன்ஸ், கிளையையும் சேர்த்து ஒரு புது 0001_இனிஷியல் எழுதியது. பதிவேட்டில் அதே பெயரில் பழைய பதிவு ஒன்று ஏற்கெனவே இருந்தது. “இவன் வந்துவிட்டான்” என்று ஜாங்கோ அடுத்த வேலைக்குப் போய்விட்டது. கிளை நெடுவரிசை உருவாகவே இல்லை. 0002 முதல் 0014 வரை கோப்பு இல்லாத பதிவுகளைப் பற்றி அது மூச்சு விடவில்லை, ஷோமைக்ரேஷன்ஸில்கூடக் காட்டாது.

நீங்கள் பில்லிங் பதிவுகளை அழித்ததும் ரிப்போர்ட்ஸ் அந்தரத்தில் தொங்குகிறது. மைக்ரேட் எதைச் செய்வதற்கு முன்பும் இந்த வரலாற்றைச் சரிபார்க்கும். ஃபேக்கும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும், அதனால்தான் அங்கேயும் அதே பிழை.

ஒரேபோடு, கோபித்துக்கொள்ள வேண்டாம். தனியாளாக, லேப்டாப்பில், போனால் போகட்டும் என்ற டேட்டாவோடு விளையாடும்போது உங்கள் வழி ஓடும். கடைக்காரரின் பில்கள் உள்ள இடத்தில் ஓடாது.

ஒரேபோடு · காலை 11:52

கோபமெல்லாம் இல்லை. ஆனால் பதிவுகளை அழித்த பிறகு ஃபேக்-இனிஷியல் கொடுத்தால் சரியாகிவிடுமே? ரிப்போர்ட்ஸ் பதிவையும் சேர்த்து அழித்தால் அந்தப் பிழை வராது.

பழையகணக்கு · மதியம் 12:15

பிழை வராது, அதுதான் ஆபத்து. ஃபேக் என்பது வராத நண்பனுக்காக “உள்ளேன் ஐயா” சொல்வது. ஃபேக்-இனிஷியல் ஒரு படி மேல், அந்தப் பெயரில் டேபிள் இருக்கிறதா என்றாவது பார்க்கும். அந்த டேபிளுக்குள் என்னென்ன நெடுவரிசைகள் இருக்கின்றன என்று பார்க்காது. நெல்லிக்கனியின் 0001இல் கிளை நெடுவரிசையும் இருக்கிறது. கிளை டேபிள் இல்லாததால் இங்கே அது ஃபேக் ஆகாமல், மற்ற டேபிள்களைப் புதிதாக உருவாக்கப் போய் “ஏற்கெனவே இருக்கிறது” என்று விழும். டேபிள் எல்லாம் இருந்து ஒரு நெடுவரிசை மட்டும் குறைந்திருந்தால் சத்தமில்லாமல் ஃபேக் ஆகிவிடும். எனக்கு விழுவதே மேல்.

நெல்லிக்கனி, ஒரு சந்தேகம். புது நிரலை சர்வரில் ஏற்றும் டிப்ளாய் ஸ்கிரிப்ட்டில் என்னென்ன கட்டளைகள் இருக்கின்றன?

நெல்லிக்கனி · மதியம் 12:31

கிட் புல், மேக்மைக்ரேஷன்ஸ், மைக்ரேட், ரீஸ்டார்ட்.

பழையகணக்கு · மதியம் 12:34

நினைத்தேன். மேக்மைக்ரேஷன்ஸ் சர்வரிலேயே ஓடியிருக்கிறது. கிட்இக்னோரில் இருப்பதால் கிட் அந்த ஃபோல்டரைத் தொட்டிருக்காது. அப்படியானால் அந்த 14 கோப்புகளும் ப்ரொடக்‌ஷன் சர்வரின் டிஸ்கிலேயே கிடக்க வாய்ப்பு உண்டு. போய்ப் பாருங்கள். எதையும் ஓட்ட வேண்டாம், காப்பி மட்டும் எடுங்கள்.

நெல்லிக்கனி · மதியம் 1:10

இருக்கின்றன!! பதினான்கும். ரிப்போர்ட்ஸுக்கு மூன்று. அண்ணா, சாப்பிடப் போகிறேன், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

தூங்காவிளக்கு · மதியம் 1:22

கன்டெய்னரில் (ஒவ்வொரு ரீபில்டிலும் புதிதாகக் கட்டப்படும் பெட்டி) ஓடியிருந்தால் முதல் ரீபில்டிலேயே எல்லாம் காற்றோடு போயிருக்கும். பழைய மாதிரி ஒரே மெஷினில் ஓடியதால் தப்பித்தீர்கள்.

பழையகணக்கு · மதியம் 2:05

சாப்பிட்டு வந்ததும் படிக்கவும்.

அந்தக் கோப்புகளை கிட்டில் சேருங்கள், கிட்இக்னோரில் அந்த வரியை எடுங்கள், நீங்கள் உருவாக்கிய 0001ஐத் தூக்கிப் போடுங்கள். டிப்ளாய் ஸ்கிரிப்ட்டிலிருந்து மேக்மைக்ரேஷன்ஸையும் எடுத்துவிடுங்கள். அது எழுதுபவரின் மேசையில் ஓட வேண்டியது. சர்வரில் வேண்டுமானால் செக் ஆப்ஷனோடு ஓட்டலாம். மாடலுக்கும் கோப்புக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் எதையும் எழுதாமல் தோல்வி என்று மட்டும் சொல்லும்.

அடுத்துதான் பலர் செய்யாமல் விடும் வேலை. கோப்பும் பதிவேடும் இப்போது ஒத்துப்போகும், ஆனால் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று நாம் இன்னும் பார்க்கவில்லை. லேப்டாப்பில் ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்கி, கிளை சேர்ப்பதற்கு முந்தைய நிரலை வைத்து 14 மைக்ரேஷன்களையும் ஓட்டுங்கள். இன்னொரு டேட்டாபேஸில் ப்ரொடக்‌ஷன் பேக்கப்பை ஏற்றுங்கள். இரண்டையும் பிஜி-டம்ப்பில் ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு) மட்டும் எடுத்து, டிஃப் போட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். நெடுவரிசைகளின் வரிசை, கான்ஸ்ட்ரெயின்ட் பெயர் போன்றவற்றில் கொஞ்சம் இரைச்சல் வரும். அதைத் தாண்டி ஏதாவது தெரிந்தால் இங்கே போடுங்கள்.

கோப்புகள் கிடைக்காமல் போயிருந்தால் என்ன என்று யாராவது கேட்பீர்கள். ப்ரொடக்‌ஷனில் ஓடும் அதே மாடல் நிரலிலிருந்து புது 0001_இனிஷியல் எழுத வேண்டும். அந்தப் பெயர் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் அதைத் தொட வேண்டாம். கோப்பில்லாத 0002 முதல் 0014 வரையிலான பதிவுகளை மைக்ரேட்டின் ப்ரூன் ஆப்ஷன் நீக்கும், ஜாங்கோ 4.1 முதல் இருக்கிறது. நீக்காமல் விட்டால் நாளைக்கு நீங்கள் எழுதும் 0002க்குத் தற்செயலாகப் பழைய பெயரே அமைந்து, மறுபடி “இவன் வந்துவிட்டான்” கதை நடக்கலாம். இந்த வழியிலும் டிஃப் கட்டாயம்.

கொத்துபரோட்டா · மதியம் 2:40

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஜாங்கோவே ஏன் உண்மையான டேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது? அதற்கு எதற்குப் பதிவேடு?

பழையகணக்கு · மாலை 3:15

நல்ல கேள்வி. டேபிளைப் பார்த்தால் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியும், எப்படி அங்கே வந்தது என்று தெரியாது. ஒரு நெடுவரிசையின் பெயர் மாறியதா, அல்லது பழையதை அழித்துப் புதியது சேர்த்தார்களா என்பதை டேபிள் சொல்லாது. டேட்டா தப்புவதும் போவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. 2014இல் ஜாங்கோ 1.7 வரும்வரை மைக்ரேஷன் ஜாங்கோவுக்குள்ளேயே கிடையாது. சவுத் என்ற தனிப் பொதியைச் சேர்ப்போம். அதை எழுதிய ஆண்ட்ரூ காட்வினே பிறகு இதை ஜாங்கோவுக்குள் எழுதினார். சவுத்தில் ஒவ்வொரு மைக்ரேஷன் கோப்பின் கீழும் மாடல்களின் முழு நிலையையும் உறைய வைத்திருப்பார்கள், பக்கம் பக்கமாக நீளும். இப்போது கோப்புகளை ஒவ்வொன்றாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தே ஜாங்கோ அந்த நிலையைக் கட்டிக்கொள்கிறது. அதனால் இடையில் ஒரு கோப்பைத் தொலைத்தாலும் கணக்கு உதைக்கும்.

நெல்லிக்கனி · செவ்வாய், காலை 9:50

டிஃப் போட்டேன். இரண்டு வித்தியாசங்கள்.

வாடிக்கையாளர் போன் நெடுவரிசை கோப்பின்படி 15 எழுத்து, ப்ரொடக்‌ஷனில் 20. பில் தேதிக்கு ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்குவது) ப்ரொடக்‌ஷனில் இருக்கிறது, எந்தக் கோப்பிலும் இல்லை. யாரோ நேரடியாகக் கையால் போட்டிருக்கிறார்கள்.

தூங்காவிளக்கு · காலை 10:02

மாதக் கடைசியில் ரிப்போர்ட் மெதுவாக ஓடியிருக்கும், ராத்திரியோடு ராத்திரியாக இண்டெக்ஸ் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பார். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

பழையகணக்கு · காலை 10:30

போனை மாடலில் 20 ஆக்கி ஒரு மைக்ரேஷன் எழுதுங்கள். ப்ரொடக்‌ஷனில் ஏற்கெனவே 20 இருப்பதால் அங்கே அது ஓடினாலும் ஒன்றும் ஆகாது.

இண்டெக்ஸை மாடலின் மெட்டாவில், டேட்டாபேஸில் உள்ள அதே பெயரோடு எழுதித் தனி மைக்ரேஷன் உருவாக்குங்கள். ப்ரொடக்‌ஷனில் சும்மா ஓட்டினால் ஏற்கெனவே இருக்கிறது என்று விழும். அந்த ஒரு மைக்ரேஷனை மட்டும் அங்கே ஃபேக் செய்யுங்கள். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், பதிவேட்டில்தான் பெயர் இல்லை. இங்கே “உள்ளேன் ஐயா” சொல்வதில் பொய் இல்லை.

நெல்லிக்கனி · செவ்வாய், மாலை 5:20

0015 போன், 0016 இண்டெக்ஸ், 0017 கிளை. ஸ்டேஜிங்கை மறுபடி ஏற்றி, 0016ஐ மட்டும் ஃபேக் செய்து, மூன்றும் முடிந்தன. பில் பக்கம் திறக்கிறது!

இப்போது அடுத்த தலைவலி. ஒரே போன் எண்ணில் இரண்டு மூன்று வாடிக்கையாளர் பதிவுகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாக்கி, போனை யூனிக் (ஒரே எண் இரண்டு முறை வராதபடி) ஆக்க வேண்டும். 0018இல் ரன்பைதான் (டேட்டாவை மாற்றும் பைத்தான் படி) வைத்து, பில்களை ஒரு பதிவுக்கு மாற்றிவிட்டு மீதியை டெலீட் செய்கிறேன். அதே கோப்பில் கீழே ஆல்டர்ஃபீல்டு (நெடுவரிசையின் அமைப்பை மாற்றும் படி) வைத்து யூனிக். பிழை: வாடிக்கையாளர் டேபிளில் ‘பெண்டிங் ட்ரிகர் ஈவென்ட்ஸ்’ இருப்பதால் ஆல்டர் செய்ய முடியாதாம். நான் ட்ரிகர் எதுவும் எழுதவே இல்லையே?

தூங்காவிளக்கு · மாலை 5:48

நீங்கள் எழுதவில்லை. ஃபாரின் கீயைக் காப்பதற்கு போஸ்ட்கிரெஸே உள்ளுக்குள் ட்ரிகர் (தானாக ஓடும் சோதனை) வைத்திருக்கிறது. ஜாங்கோ ஃபாரின் கீயை உருவாக்கும்போது, சோதனையைக் கமிட் (மாற்றங்கள் நிலையாகப் பதியும்) நேரம்வரை தள்ளிப்போடும்படி சொல்லித்தான் உருவாக்கும். நீங்கள் ஒரு வாடிக்கையாளரை அழித்ததும், “இவரைக் குறிப்பிடும் பில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா” என்ற சோதனை வரிசையில் காத்திருக்கிறது. அது முடியாமல் அதே டேபிளின் அமைப்பை மாற்ற போஸ்ட்கிரெஸ் விடாது.

தீர்வு எளிது. டேட்டா மாற்றம் ஒரு கோப்பு, அமைப்பு மாற்றம் வேறு கோப்பு. ஒவ்வொரு மைக்ரேஷன் கோப்புக்கும் தனி ட்ரான்சாக்‌ஷன், அதனால் முதல் கோப்பு கமிட் ஆகும்போதே காத்திருக்கும் சோதனையும் முடிந்துவிடும்.

இன்னொன்று. போன் தராத வாடிக்கையாளர்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? காலிச் சரமா, ‘நல்’ என்ற மதிப்பே இல்லாத நிலையா?

நெல்லிக்கனி · மாலை 5:55

காலிச் சரம். ஐயோ.

தூங்காவிளக்கு · மாலை 5:57

ஐயோதான். யூனிக் போடும்போது காலிச் சரங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று டூப்ளிகேட். அதைவிட மோசம், உங்கள் ரன்பைதான் போன் இல்லாத எல்லோரையும் ஒரே வாடிக்கையாளராக ஒட்டியிருக்கும். நல் ஆக இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஆக மொத்தம் மூன்று கோப்புகள்: முதலில் நல் அனுமதி, அப்புறம் காலிச் சரத்தை நல் ஆக்கி, எண் உள்ளவற்றை மட்டும் ஒன்றாக்குவது, கடைசியில் யூனிக்.

இரண்டாம்ஷிஃப்ட் · இரவு 8:10

பிழை வந்ததும் எல்லாம் ரோல்பேக் ஆகி, பழைய நிலைக்கே திரும்பிச் சுத்தமாக நிற்பது போஸ்ட்கிரெஸ் கொடுத்த வரம். நான் மைஎஸ்க்யூஎல்காரன். எங்களிடம் ஆல்டர் டேபிள் ஒவ்வொன்றும் தானாகவே கமிட் ஆகிவிடும். ஐந்து படிகளில் மூன்றாவதில் விழுந்தால் முதல் இரண்டும் நிலைத்துவிடும், பதிவேட்டில் பெயர் ஏறியிருக்காது. திரும்ப ஓட்டினால் பிழை எண் 1060, நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது. எஸ்க்யூஎல்மைக்ரேட் போட்டு மைக்ரேஷனின் எஸ்க்யூஎல் கட்டளைகளை வரிவரியாகப் பார்த்து, எதுவரை ஓடியது என்று கண்டுபிடித்து, ஓடியதைக் கையால் பின்வாங்கிய பிறகுதான் மறுபடி ஓட்ட முடியும். அதனால் நான் ஒரு கோப்புக்கு ஒரு ஆபரேஷன் என்றே எழுதுகிறேன்.

கொத்துபரோட்டா · இரவு 8:32

ரன்பைதானில் மாடலை மாடல்ஸ் கோப்பிலிருந்து நேரடியாக இம்போர்ட் செய்யலாமா? எனக்கு ஓடுகிறது.

இரண்டாம்ஷிஃப்ட் · இரவு 8:40

இன்றைக்கு ஓடும். ஆறு மாதம் கழித்து அந்த மாடலில் ஒரு நெடுவரிசை சேர்ப்பீர்கள். அதன் பிறகு யாராவது காலி டேட்டாபேஸில், உதாரணமாக டெஸ்ட் ஓட்டும்போது, எல்லா மைக்ரேஷனையும் முதலிலிருந்து ஓட்டினால், பழைய கோப்பு புது மாடலைக் கேட்கும். அந்தப் படியில் அந்த நெடுவரிசை இன்னும் பிறந்திருக்காது. ரன்பைதானுக்கு வரும் ஆப்ஸ் வழியாக கெட்மாடல் கேட்டு வாங்குங்கள், அந்தக் காலத்து மாடல் கிடைக்கும். நீங்கள் எழுதிய சேவ் மெத்தட் அதில் இருக்காது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நெல்லிக்கனி · புதன், இரவு 10:25

ப்ரொடக்‌ஷனில் முடித்துவிட்டேன். நடந்ததைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

கடை ஒன்பதரைக்கு மூடும். பேக்கப் எடுத்துவிட்டு 9:40க்கு மைக்ரேட் கொடுத்தேன். 0016ஐ ஃபேக் செய்தேன். 0017, கிளை, அப்படியே நின்றுவிட்டது. பிழை இல்லை, நகர்வும் இல்லை. ஒரு நிமிடத்தில் கடையிலிருந்து போன், கடைசி இரண்டு வாடிக்கையாளர்கள் கவுண்டரில் நிற்கிறார்கள், பில் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். கை நடுங்கியது. கன்ட்ரோல்-சி அடித்தேன். உடனே கவுண்டரில் பில் வந்துவிட்டது.

பிறகு பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியை (எந்தக் கனெக்‌ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் போஸ்ட்கிரெஸ் பட்டியல்) பார்த்தால் ஒரு கனெக்‌ஷன் ‘ஐடில் இன் ட்ரான்சாக்‌ஷன்’ என்று நான்கு மணி நேரமாக உட்கார்ந்திருந்தது. யாருடையது என்று தேடினால் என்னுடையதுதான். மாலையில் டூப்ளிகேட் வாடிக்கையாளர்களின் பில்களை எண்ணுவதற்கு பிகின் (ட்ரான்சாக்‌ஷனைத் தொடங்கும் கட்டளை) போட்டுத் திறந்து, முடிக்காமல் விட்ட ஜன்னல். அதை மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன், நொடியில் முடிந்தது. 0020 வரை போயாகிவிட்டது.

தூங்காவிளக்கு · இரவு 10:44

வாழ்த்துகள். நெடுவரிசை சேர்க்க அந்த டேபிளின் மேல் முழுப் பூட்டு வேண்டும். உங்கள் ஜன்னல் படிப்பதற்கான சின்னப் பூட்டைப் பிடித்திருந்தது. ஆல்டர் அதற்குப் பின்னால் நின்றது. கவுண்டரின் பில்கள் ஆல்டருக்குப் பின்னால் நின்றன. போஸ்ட்கிரெஸில் பின்னால் வந்தவர் முந்திக்கொண்டு போக முடியாது, படிக்க மட்டும் வந்தவரும்தான்.

அடுத்த முறை மைக்ரேட் ஓட்டும் ஷெல்லில் பிஜிஆப்ஷன்ஸ் (போஸ்ட்கிரெஸ் கனெக்‌ஷனுக்கான அமைப்பு) வழியாக லாக்-டைம்அவுட் மூன்று நொடி வையுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் அதுவே விலகிவிடும், கவுண்டர் சில நொடிகளுக்கு மேல் நிற்காது. கொஞ்சம் கழித்து மறுபடி முயற்சி செய்யலாம்.

நெல்லிக்கனி · இரவு 10:51

டிப்ளாய் ஸ்கிரிப்ட்டில் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. பழையகணக்கு அண்ணாவுக்கு ஒரு பட்டுச் சட்டை, கடைக்காரர் தள்ளுபடி தந்தால்.

ஒரேபோடு · இரவு 11:30

ஒரு விஷயம் கேட்கலாமா. என் ப்ராஜெக்ட்டின் கிட்இக்னோரிலும் மைக்ரேஷன்ஸ் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன். நாளைக்கு சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றுகிறோம்.

பழையகணக்கு · இரவு 11:33

பழைய மெஷினை யாரும் அணைத்துவிடவில்லையே? இப்போதே உள்ளே போய் அந்த ஃபோல்டரைக் காப்பி எடுங்கள். மற்றதைக் காலையில் பேசலாம்.